கணினி விளையாட்டுக்களில் வழிநூலும் பதிப்புரிமையும்

நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்தினார் நன்னூலார். முன்னோர் நூலின் முடிபோடு ஒத்து நின்று, பின்னோன் தான் வேண்டும் வேறுபாடுகளைச் சேர்த்துச் செய்வது வழிநூலாகும். ஒருபுடை ஒத்து ஒருபுடை வேறுபடுவது சார்புநூலாகும். தொல்காப்பியமோ தொகுத்தல், விரித்தல், மொழிபெயர்த்தல் முதலியவற்றை வழிநூலின் வகைகளாகவே எண்ணிற்று. இவ்விலக்கணங்களுள் யாண்டும், வழிநூல் செய்வோன் முதனூலாசிரியனிடம் இசைவு பெறல் வேண்டும் என்னும் விதி காணப்படவில்லை. சிறப்புப் பாயிரம் கூறவேண்டியவற்றுள் 'வழி' என்பதும் ஒன்று. எந்நூலின் வழியாக இந்நூல் வந்தது என்பதை மறையாது உரைத்தல் போதுமானதாயிருந்தது. கம்பர் வான்மீகியை முன்னிட்டுப் பாடினார். கச்சியப்பர் வடமொழிக் காந்தத்தை முன்னிட்டுப் பாடினார். இருவரையும் திருடர் என்று கூறினார் எவருமிலர்.

இம்மரபிலே வளர்ந்த ஓர் உள்ளத்திற்கு, இக்காலத்துப் பதிப்புரிமைச் சட்டம் முதற்கண் வியப்பையே தரும். மூலத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் குற்றம் நீங்கிவிடும் என்னும் எண்ணம் தமிழ் இளைஞரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. மரபு கேட்டது பெயர். சட்டம் கேட்பது இசைவு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அறியாதவர் பெரிதும் இடர்ப்படும் துறை ஒன்று அண்மைக் காலத்தில் தோன்றியுள்ளது. அஃது இரசிகர் ஆக்கும் கணினி விளையாட்டுப் பொருள்களின் துறையாகும்.

திருகோணமலைத் துறைமுகத்தின் அயலிலுள்ள கப்பல்துறையிலோ, நகரிலோ, மூதூரிலோ வாழும் ஓர் இளைஞன் இன்று ஒரு விளையாட்டை ஆடுவதோடு அமைவதில்லை. அதனுள் தன் ஊரையும் காண விழைகின்றான். இந்தோனேசியாவில் 2017இல் வெளியான பேருந்தோட்டும் விளையாட்டொன்று, ஆடுவோர் தம் வண்டிகளையும் வண்ணங்களையும் தாமே வரைந்து சேர்க்க இடமளித்தது. இலங்கை வீதிகளில் ஓடும் பேருந்துகள் அவற்றின் கண்கவர் கோலங்களோடு அதனுள் புகுந்துவிட்டன. இவற்றை ஆக்கியோர் பெரும்பாலும் பாடசாலை மாணவரும், ஊதியம் எதிர்பாராத ஆர்வலருமே. 'மோட்' என்றும் 'ஸ்கின்' என்றும் வழங்கும் இவ்வாக்கங்கள், பழைய இலக்கண வழக்கிற் சொன்னால், வழிநூல்களும் சார்புநூல்களுமே. விளையாட்டின் நிரல் ஒருவருடையது. அதன் ஓவியம் ஒருவருடையது. பேருந்தின் முகப்பிலுள்ள குறி ஒரு தொழிற்சாலையின் வணிகக் குறி. இவற்றின்மேல் மாணவன் சேர்த்த கைவண்ணம் அவனுடையது. ஒரே பொருளில் நால்வர் உரிமை பின்னிக் கிடக்கின்றது.

பிரித்தானியரின் 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இலங்கையிலும் நெடுங்காலம் வழங்கியது. 1959இல் இந்நாடு பேர்ண் உடன்படிக்கையிற் சேர்ந்தது. 1979இல் தனிச் சட்டக் கோவை ஒன்று வந்தது. இன்று நடைமுறையிலுள்ளது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். கணினி நிரல், ஓவியம், இசை, ஒளிப்படம், கட்புல செவிப்புலப் படைப்பு ஆகிய அனைத்தும் இதன் காப்பினுள் அடங்கும். பதிவு வேண்டியதில்லை, படைக்கப்பட்ட அளவிலேயே காப்பு உண்டாகும். மொழிபெயர்த்தல், தழுவுதல், உருமாற்றுதல் என்பன மூலவருக்கே உரிய உரிமைகளாக 9ஆம் பிரிவில் வைக்கப்பட்டுள்ளன. தொல்காப்பியர் வழிநூலின் வகைகளாக வைத்தவற்றை ஈராயிரம் ஆண்டு கழித்து ஒரு சட்டம் இசைவின்றிச் செய்யத்தகாதன எனப் பட்டியலிட்டது சிந்திக்கத்தக்கது.

ஆயினும் அச்சட்டம் வழிநூலை இழித்துரைக்கவில்லை. 7ஆம் பிரிவு, தழுவலையும் ஒரு தனிப் படைப்பாக ஏற்றுக் காக்கின்றது. மூலத்தின் உரிமைக்கு ஊறு நேராமல் என்னும் வரையறை மாத்திரம் உண்டு. எனவே மாணவன் சேர்த்த கைவண்ணம் அவனுக்கே உரியது. ஆனால் மூலவர் இசையாதவிடத்து அக்கைவண்ணத்தை வெளியிட அவனுக்கு வழியில்லை. ஒருவன் பிறன் நிலத்தில் வீடு கட்டினால், கல்லும் மரமும் அவனுடையனவாயினும் குடியிருக்க இயலாத நிலை போன்றது இது.

'விற்கவில்லையே, இலவசமாகத்தானே கொடுத்தேன்' என்பது இத்துறையில் அடிக்கடி கேட்கப்படும் மறுமொழி. பெயர் சொல்லுதலைப் போலவே இதுவும் இசைவுக்கு ஈடாகாது. பொருளீட்டும் நோக்கம் இல்லாமை, 11ஆம் பிரிவிற் கூறப்படும் நியாயமான பயன்பாட்டை நிறுவும்போது நோக்கப்படும் நான்கு கூறுகளுள் ஒன்றன் பகுதியேயாகும். பயன்பாட்டின் நோக்கம், மூலத்தின் தன்மை, எடுக்கப்பட்ட பகுதியின் அளவு, மூலத்தின் சந்தைக்கு உண்டாகும் விளைவு என்பன நான்கும் ஒருங்கே நிறுக்கப்படும். திறனாய்வு, கற்பித்தல், ஆராய்ச்சி போன்றவை அப்பிரிவின் நிழலில் ஒதுங்கலாம். வகுப்பறையில் ஆசிரியர்முன் காட்டும் ஒரு செய்முறை முயற்சிக்கும், அதையே உலகோர் யாவரும் பெறுமாறு இணையத்தில் ஏற்றுவதற்கும் இடையே பெரும் வேறுபாடுண்டு. வேண்டுமென்றே உரிமையை மீறியவருக்கு ஆறு மாதம் வரையிலான சிறையோ ஐந்து இலட்சம் ரூபா வரையிலான தண்டமோ இரண்டுமோ விதிக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் இடங்கொடுத்தது.

இனி, இரசிகர் ஆக்கம் எவ்வளவு தூரம் மூலத்தைச் சார்ந்ததாகக் கொள்ளப்படும் என்பதை விளக்க, அமெரிக்க நாட்டில் 1998இல் தீர்க்கப்பட்ட ஒரு வழக்கினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது. 'டியூக் நியூக்கெம்' என்னும் வீரனைத் தலைவனாகக் கொண்ட விளையாட்டொன்று 1996இல் வெளியானது. ஆடுவோர் தாமே புதிய கட்டங்களை அமைத்துக்கொள்ளும் கருவியும் அதனோடு வழங்கப்பட்டது. இரசிகர்கள் அமைத்து இணையத்தில் இட்ட கட்டங்களுள் முந்நூற்றைத் திரட்டி, மைக்ரோ ஸ்டார் என்னும் நிறுவனம் ஓர் இறுவட்டில் பதித்து விற்றது. உரிமையாளரான ஃபோர்ம்ஜென் நிறுவனம் மறுப்புத் தெரிவிக்கவே, தான் செய்தது குற்றமன்று என்று அறிவிக்குமாறு மைக்ரோ ஸ்டார் தானே நீதிமன்றத்தை நாடியது.

அதன் வாதம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. இரசிகர் ஆக்கிய வரைபடக் கோப்பில் ஓவியம் எதுவுமில்லை. இவ்விடத்திற் சுவர், இவ்விடத்திற் கதவு, இவ்விடத்திற் பகைவன் என்னும் குறிப்புக்களே அதில் உள்ளன. ஓவியங்கள் அனைத்தும் விளையாட்டை விலைகொடுத்து வாங்கியவரின் கணினியிலிருந்தே எடுக்கப்படுகின்றன. அங்ஙனமாயின் எடுத்தது என்ன? நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. இசைக் குறிப்பேட்டில் ஒலி இல்லை. எனினும் அதிலுள்ளது அப்பாடலே. அவ்வாறே, திரையில் தோன்றவேண்டியதை ஐயத்துக்கிடமின்றி வரையறுக்கும் கோப்பு அத்தோற்றத்தையே தன்னுள் கொண்டுள்ளது. மேலும், கட்டம் புதிதாயினும் அதனுட் செல்பவன் அதே வீரன்; எனவே அவை அவ்வீரனின் கதைக்கு எழுதப்பட்ட தொடர்ச்சிகளே என்று நீதிமன்றம் கொண்டது. கட்டம் அமைக்குமாறு இரசிகரை ஊக்கியதனால் உரிமையை உரியவர் கைவிட்டார் என்னும் வாதமும் தோற்றது. கட்டணமின்றியே பிறருக்கு வழங்கலாம் என்று அவர்தம் உரிமத்தில் எழுதியிருந்தமையே காரணம்.

இவ்வழக்கில் ஒரு கசப்பும் உண்டு. அம்முந்நூறு கட்டங்களை இரவு பகலாக இருந்து ஆக்கிய இரசிகர்கள் வழக்கின் எப்பக்கத்திலும் இலர். ஒருவர் அவர்களின் உழைப்பை விற்றார். மற்றவர் அதைத் தடுத்தார். ஆக்கியோரின் குரலை மன்றத்தில் எவரும் எழுப்பவில்லை. பிறர் பொருளின்மேல் கட்டும் உழைப்பின் நிலையின்மை இதனினும் தெளிவாகப் புலப்படுவதற்கில்லை.

உரிமையாளரின் மனப்போக்கு இடத்துக்கிடம் மாறுபடுவதும் அறியத்தக்கது. 'ஹாஃப் லைஃப்' என்னும் விளையாட்டின்மேல் இரு இளைஞர் 1999இல் ஆக்கிய 'கவுண்டர் ஸ்ட்ரைக்' என்னும் மாற்றத்தை, மூலத்தின் உரிமையாளராகிய வால்வ் நிறுவனமே தனதாக ஏற்று 2000இல் விற்பனைக்கு விட்டது. ஆக்கியோர் அந்நிறுவனத்திற் பணிபெற்றனர். இதற்கு நேர்மாறானது நின்டெண்டோ நிறுவனத்தின் போக்கு. 1991இல் அந்நிறுவனம் வெளியிட்ட மெட்ரொயிட் வரிசையின் இரண்டாம் விளையாட்டை, ஆர்ஜென்டீன நாட்டு இரசிகர் ஒருவர் ஏறத்தாழப் பத்தாண்டு உழைத்துப் புத்துருவாக்கி, 2016ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இலவசமாக வெளியிட்டார். சில நாள்களுக்குள் உரிமையாளரின் அறிவித்தல் வந்தது, விளையாட்டு நீக்கப்பட்டது. மறுஆண்டில் அதே மூலத்தின் புத்துருவை நின்டெண்டோவே வெளியிட்டது. பத்தாண்டு உழைத்தவர் அன்பினாற் செய்தார் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அன்பு உரிமம் ஆகாது. 'மைன்கிராஃப்ட்' உரிமையாளர் இவ்விரு போக்குக்கும் இடைப்பட்ட நெறியினர். அவ்விளையாட்டின் ஜாவா பதிப்புக்கு ஒருவர் முற்றிலும் தாமே எழுதிய மாற்றம் அவருக்கே உரியது. அதனை விற்றல் மாத்திரம் ஆகாது. ஆகவே விளையாட்டைத் திறக்கும்போது எவரும் படியாது 'உடன்படுகிறேன்' என அழுத்திவிடும் அந்நீண்ட உரிமப் பத்திரத்தைப் படித்தறிதலே முதற்கடன் ஆகும். சட்டப் புத்தகத்தினும் பன்மடங்கு நெருக்கமாக ஆக்குவோனைப் பிணிப்பது அதுவே.

இதுகாறும் கூறியவற்றைக் கொண்டு, பிறர் படைப்பிலிருந்து எதனையும் எடுத்தல் ஆகாதென்று அஞ்சவேண்டியதில்லை. கருத்து, செயல்முறை, கோட்பாடு, கண்டுபிடிப்பு, வெறுந் தரவு ஆகியன எவ்வாறு சொல்லப்பட்டிருப்பினும் காப்புப் பெறா என்று 8ஆம் பிரிவு கூறுகின்றது. இந்திய உச்ச நீதிமன்றம் 1978இல் ஆனந்த் என்னும் நாடகாசிரியரின் வழக்கில் இதனையே விரித்துரைத்தது. அவருடைய 'ஹம் ஹிந்துஸ்தானி' நாடகமும் 1956இல் வெளியான 'நியூ டெல்லி' திரைப்படமும் மாகாணப் பற்றின் தீமையையே பொருளாகக் கொண்டன. பொருள் ஒன்றாயினும் அமைப்பும் நடத்தும் முறையும் வேறென்று கண்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளிற்று.

திருகோணமலைக்கு மிக அணித்தாக இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து குடியேறினார். அவரும் அவர் நண்பர் மைக் வில்சனும் சுவாமி மலையடிக் கடலில் மூழ்கி, போர்த்துக்கீசர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்டனர். கப்பல்துறை மாணவன் ஒருவன் அக்கடலடியை விளையாட்டுக் களமாக அமைக்க விரும்பினால், சிதைவுகள் அங்கு உள்ளன என்னும் உண்மையும், அவற்றைக் கண்ட வரலாறும் எவருக்கும் தனியுரிமையாகா. கிளார்க் தம் நூல்களில் எழுதிய வருணனையைப் பெயர்த்தெடுத்து விளையாட்டில் ஒலிக்கச் செய்தல் வேறு. அவர் காலமானது 2008இல். ஆசிரியன் மறைவுக்குப் பின் எழுபது ஆண்டு என்னும் இலங்கைக் கணக்கின்படி அவ்வெழுத்து 2078 இறுதிவரை காப்பிலுள்ளது. வில்சன் எடுத்த நீரடி ஒளிப்படங்களும், அவர் 1995இல் மறைந்தமையின், 2065 இறுதிவரை காக்கப்படும். அதே கடலில் இன்று ஒருவன் தானே மூழ்கிப் படமெடுத்தால் அப்படம் அவனுடையது.

கிளார்க் 1979இல் எழுதிய 'சொர்க்கத்தின் நீரூற்றுக்கள்' என்னும் புதினம், தப்ரபேன் என்னும் தீவின் மலையுச்சியிலிருந்து வான்வெளிக்கு ஏறும் உயர்த்தி ஒன்றைப் பற்றியது. அவ்வுயர்த்திக் கருத்தோ அவருக்கு முன்னரே உருசிய அறிஞர் சியோல்கோவ்ஸ்கி 1895இல் சிந்தித்தது. திருகோணமலையிலிருந்து வானேறும் உயர்த்தியை விளையாட்டாக்க எவர் இசைவும் வேண்டா. அப்புதினத்தின் பொறியியலாளனையும் அவனுக்கு நேர்ந்த நிகழ்ச்சிகளையும் அவ்வாறே ஆடவிடின் அது வழிநூலாகிவிடும்.

தமிழ் மாணவர் பெரிதும் நாடும் 'பொன்னியின் செல்வன்' இன்னும் நுட்பமானது. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வெளிவந்த இப்புதினத்தின் ஒரு பகுதி ஈழத்தில் நிகழ்கின்றது. அருள்மொழிவர்மரும் குந்தவையும் வந்தியத்தேவனும் வரலாற்று மாந்தர். அவர்கள் கல்வெட்டுக்களுக்கு உரியவர். நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் போன்றோர் கல்கியின் கற்பனையிற் பிறந்தோர். முன்னவரை எவரும் எக்காலத்தும் எடுத்தாளலாம். பின்னவரை எடுத்தாள உரிமையாளரின் இசைவு வேண்டியிருந்தது. தமிழ்நாட்டரசு கல்கியின் நூல்களை நாட்டுடைமையாக்கியது. (பாரதியார் பாடல்களுக்கு 1949இலேயே இப்பேறு கிட்டியது. அதற்குமுன் அவற்றை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் கையில் இருந்தது. மக்கள் கவியின் பாட்டைப் பாட ஒருவரிடம் இசைவு கேட்கவேண்டிய நிலையைக் கண்டு எழுந்த கிளர்ச்சியின் பயனே அந்நாட்டுடைமை.) ஒரு மாநில அரசின் செயல் இலங்கையில் எவ்வளவு செல்லும் என்று வழக்காட வேண்டியதும் இல்லை. கல்கி மறைந்தது 1954 டிசம்பரில். இலங்கையின் எழுபதாண்டுக் கணக்கிலும் 2024 இறுதியோடு காப்பு முடிந்துவிட்டது.

ஆனால் மாணவனின் மனக்கண்ணில் வந்தியத்தேவனின் முகமாகத் தோன்றுவது கல்கியின் எழுத்தன்று. ஓவியர் மணியம் வரைந்த முகம். அவர் 1968இல் காலமானார். இந்தியாவின் அறுபதாண்டுக் கணக்கில் 2028 இறுதிவரையும், இலங்கையின் கணக்கில் 2038 இறுதிவரையும் அச்சித்திரங்கள் காப்பிலுள்ளன. மணிரத்தினம் இயக்கி 2022இலும் 2023இலும் வெளியான திரைப்படங்களின் உடையும் ஒப்பனையும் இசையும் நடிகரின் சாயலும் இன்னும் நெடுங்காலம் பிறருடைமையே. கதை திறந்து கிடக்க, அதன் முகங்கள் பூட்டப்பட்டுள்ளன. ஆக்குவோன் கல்கியின் வருணனையைப் படித்துத் தானே ஒரு முகத்தை வரைந்துகொள்ளல் வேண்டும். அங்ஙனம் வரைவதே அவனுடைய ஓவியத்திறனுக்கும் நல்லது.

இத்துறைமுகத்தின் பழமை முழுவதும் இவ்வாறே திறந்து கிடக்கின்றது. 1782ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் பொருத கடற்போர், 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய வானூர்திகள் பொழிந்த குண்டுமாரி, கோணமாமலையைப் பாடிய சம்பந்தர் தேவாரம், கோணேசர் கல்வெட்டு ஆகியவற்றுக்கு உரிமை கோருவார் இலர். கவனிக்கவேண்டியது பதிப்பு மட்டுமே. பழம்பாடல் பொதுவாயினும், அதற்கு அண்மையில் ஓர் அறிஞர் எழுதிய உரையும் குறிப்பும் அவருடையன. ஓதுவார் ஒருவர் பாடிய ஒலிப்பதிவும் அவ்வாறே. மூலத்தைத் தட்டெழுதி, தானே பாடிச் சேர்ப்பவனுக்குத் தடையில்லை.

எனினும் பழமை யாவும் பொதுவென்று எண்ணிவிடலாகாது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, நாட்டார் வழக்காறுகளுக்கும் காப்பளித்துள்ளது. ஆக்கியோன் பெயர் தெரிந்த காவியம் காலங்கடந்து பொதுவாகிவிட, ஆக்கியோன் யாரென்றே தெரியாத நாட்டுப் பாடல் கால எல்லையின்றிக் காக்கப்படுகின்றது. திருகோணமலைக் கரையோரத்து மீனவர் வலையிழுக்கையிற் பாடும் அம்பாப் பாடலை, இராவணனோடு கன்னியா வெந்நீரூற்றுக்களை இணைக்கும் வாய்மொழிக் கதையை, கூத்தின் மெட்டை ஒருவர் தமக்கென வீட்டில் பயன்படுத்துவதில் இடரில்லை. வணிக நோக்கோடோ, அவற்றுக்குரிய வழக்கமான சூழலுக்குப் புறம்பாகவோ அவற்றைப் பெருக்கிப் பரப்பவும் உருமாற்றவும் முற்படின், அமைச்சர் குறிக்கும் தகுதிவாய்ந்த அதிகாரியிடம் இசைவு பெறல் வேண்டும் என்பதே அப்பிரிவின் கருத்து. கைத்தொலைபேசியில் ஆடப்படும் விளையாட்டு அம்பாப் பாடலின் வழக்கமான சூழல் என்று வாதிடுவது எளிதன்று. வலையிழுப்போர் அப்பாடலைத் தம் தந்தையரிடம் கற்றபோது எவரிடமும் இசைவு கேட்டதில்லை. அதனை விளையாட்டில் வைக்க விரும்பும் அவர்தம் மகனோ, பாடலின் சொந்தக்காரராகிய தன் ஊராரைக் கடந்து, ஓர் அரச அதிகாரிக்கு விண்ணப்பம் எழுதவேண்டியவனாகின்றான்.